ஓவன் வாங்கியதும் முதலில் எந்தப் பழ இனிப்பைச் செய்யலாம்?

புதிதாக ஓவன் வாங்கியிருக்கிறீர்கள், வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, கேக் உப்பாமல் போய்விடுமோ என்று தயக்கம். பழம் வைத்து எளிதாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரம்பிள் செய்யுங்கள். பழத்தை நறுக்கி அடியில் போட்டு, மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் பிசிறி மேலே தூவி வேகவைக்கும் பிரிட்டிஷ் வீட்டு இனிப்பு அது. முட்டை இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. எதுவும் உப்ப வேண்டியதில்லை என்பதால் அந்தப் பயமும் வேண்டாம்.

ஆனாலும் எனக்கு முதல் தடவை சரியாக வரவில்லை. மதுரையில் மே மாத வெயில். எடுத்து வைத்த வெண்ணெய் நான் மாவை அளப்பதற்குள் இளகிவிட்டது. அதைச் சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்து பழத்தின் மேல் பரப்பிவிட்டேன். வெந்து வந்தபோது மேல்பகுதி ஒரே பாளமாக இறுகியிருந்தது. அம்மா ஒரு துண்டை உடைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் பிசையக் கூடாது, புட்டு மாவு மாதிரி பிசிற வேண்டும்" என்றார். அவர் அதற்கு முன் கிரம்பிளைப் பார்த்ததே இல்லை. ஆனால் எந்தச் சமையல் குறிப்பும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். கிரம்பிளுக்கும் பதம் அதுதான். வெண்ணெய் கெட்டியாக இருந்தால் மாவோடு சேர்ந்து சிறு சிறு உதிரிகளாக நிற்கும், ஒவ்வொன்றும் தனித்தனியாக வெந்து மொறுமொறுப்பாகும். வெண்ணெய் 32 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். கோடையில் நம் சமையலறைச் சூடு அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். உள்ளங்கை சூடானது, விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள். நடுவில் இளகினால் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு தொடருங்கள், அவசரமே இல்லை.

நான்கைந்து பேருக்கு மைதா 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 75 கிராம். மாவில் பாதி வெண்ணெய், பாதி சர்க்கரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உப்பு சேர்த்த வெண்ணெயே நன்றாக இருக்கும், தனியாக உப்பு வேண்டாம். மைதாவில் ஒரு பங்கைக் குறைத்து ஓட்ஸ் போட்டால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

பழம் முக்கால் கிலோ. புளிப்பும் உறுதியும் உள்ள பழம்தான் வெந்த பிறகும் ருசிக்கும். பச்சை ஆப்பிள் மிக நல்லது. சிவப்பு ஆப்பிள்தான் கிடைக்கிறது என்றால் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கடிக்கவே சிரமமாக இருக்கும் கொடைக்கானல் பேரிக்காய் ஓவனில் குழைந்து மணப்பதை ஒருமுறையாவது ருசித்துப் பாருங்கள். அதை மட்டும் மெல்லியதாக நறுக்க வேண்டும். அன்னாசியும் பிளம்ஸும் நிறையச் சாறு விடும், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவிக் கலந்துவிடுங்கள். நன்கு பழுத்த மாம்பழத்தை இதில் போடாதீர்கள். அதை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

பழத்தோடு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை பட்டைத் தூள் கலந்து கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் பரப்புங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்புக்கு உலோக வாடை வந்துவிடும். பிசிறியதை மேலே தூவுங்கள், அழுத்தக் கூடாது. முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். உங்களுடையது மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் முறையில் வையுங்கள். வெறும் மைக்ரோவேவில் மேல்பகுதி சிவக்காது. மேலே பொன்னிறமானது மட்டும் போதாது, ஓரங்களில் பழச்சாறு கொதித்துக் குமிழிட வேண்டும். எடுத்ததும் 15 நிமிடம் ஆற விட்டால் சாறு கெட்டிப்படும்.

பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்தன. பழத்தை மாவு ஓட்டுக்குள் வைத்து மூடி வேகவைக்கும் 'பை' (pie) செய்வதைவிடக் குறைந்த மாவும் கொழுப்பும் போதும் என்பதால் கிரம்பிள் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. அங்கே இதன் மேல் சூடான கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம் கடைகளில் விற்கும் கஸ்டர்டு பவுடரே போதும். முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837-இல் பர்மிங்காமில் உருவாக்கியது அது, ஆகவே உங்கள் வீட்டுக்கும் தடையில்லை.

மீந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேல்பகுதி நமுத்திருக்கும். ஓவனில் 10 நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.