மதுரை வெயிலில் வளர்ந்தவர் பினாங்குப் பழத்தோட்டத்தில் தன்னார்வலராக இருக்க முடியுமா?

கேட்டவர் மதுரைக்காரர். படிப்பை முடித்துவிட்டார், வேலையில் சேர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் பினாங்கில் ஒரு பழத்தோட்டத்தில் ஒரு மாதம் தன்னார்வலராகத் தங்க ஆசைப்படுகிறார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் தருவார்களாம். "வெயில் நமக்குப் பழக்கம்தானே, சமாளித்துவிடலாமா?" என்பது கேள்வி.

சமாளிக்கலாம். ஆனால் மதுரை வெயிலை நம்பி வராதீர்கள்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவில், மலைச்சரிவில் டுரியானும் ஜாதிக்காயும் வளர்க்கும் ஒரு சீனக் குடும்பம் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். பழ சீசனில் அங்கே போய் ஒத்தாசை செய்வேன். பணம் கட்டித் தங்கித் தோட்ட வேலை பழகிப்போகும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரை அங்கே பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மதுரையில் மே மாதம் 40 டிகிரி தொடும். பினாங்கில் வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரிதான். எண்ணைப் பார்த்தால் இதமாகத் தெரியும். ஆனால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை உலரும்போதுதான். உங்கள் ஊர்க் கோடையில் வியர்வை உலர்ந்து சட்டையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், ஆனாலும் சூடு இறங்கியிருக்காது. ராத்திரியும் 24, 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். மரத்தடி நிழலில்தானே வேலை என்று நினைக்கலாம். நிழலில் வெயில்தான் குறையும், புழுக்கம் குறையாது.

அதனால் முதல் நாளே முழு வேலையில் இறங்காதீர்கள். சூட்டுக்குப் புதியவர் முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு செய்து, பிறகு நாளுக்கு இன்னொரு பங்காகக் கூட்டிக்கொண்டு போவதுதான் தொழில் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் முறை. உடம்பு முழுதாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். படிப்பு, ஹாஸ்டல், ஏசி அறை என்று இருந்தவருக்கு மதுரையில் பிறந்த ஒரே காரணத்தால் இதில் சலுகை கிடைக்காது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் உடம்பில் உப்புக் குறையும். சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள், நடுவே உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ உள்ளே போகட்டும். கூட வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கூடவே அவசர உதவிக்கு 999 அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வேலை நேரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைக் கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. நாமோ வெகுதூரம் மேற்கே இருக்கிறோம். அதனால் பினாங்கில் விடிவதே ஏழு மணி வாக்கில்தான், சூரியன் உச்சிக்கு வர ஒன்றே கால் மணி ஆகிவிடும். ஊரில் மாதிரி "பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டேன், ஒரு மணி நேரம் படுத்து எழுந்து இரண்டு மணிக்கு இறங்கலாம்" என்று கணக்குப் போட்டால், நாளிலேயே மோசமான நேரத்தில் மண்வெட்டியோடு நிற்பீர்கள். நல்ல தோட்டத்தில் வெளிச்சம் வந்ததும் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்திவிடுவார்கள். மறுபடி நாலரைக்கு மேல்தான். மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. எந்தத் தோட்டத்துக்கு எழுதினாலும் முதலில் "மத்தியானம் எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பாட்டி ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போவார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், அதற்காகத்தான் அந்த நேரம். ஆளின் உடம்பை நினைத்து வைத்த நேரம் இல்லை அது. நீங்கள் விரும்பி வருகிறீர்கள், எந்தக் கங்காணியும் உங்களைக் கூட்டி வரவில்லை. உங்கள் உடம்புக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்தது சட்டம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை வந்து தங்க மலேசியா அனுமதிக்கிறது. கிளம்பும் முன் அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருவதற்கு மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். ஆனால் அந்த அனுமதி சுற்றிப் பார்க்கத்தான், வேலை பார்க்க அல்ல. "சம்பளம் வாங்கவில்லையே" என்பது நியாயமாகத் தோன்றும். உழைப்புக்குப் பதில் சோறும் படுக்கையும் கிடைத்தால் அதை வேலை என்று எடுத்துக்கொள்ள அதிகாரிகளுக்கு இடம் இருக்கிறது. பாஸ், அதாவது தங்கும் அனுமதியின், நிபந்தனையை மீறினால் அபராதம், சிறை, நாடுகடத்தல் வரை போகலாம். 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் மாதிரி, நாளுக்கு நாலைந்து மணி நேர உழைப்புக்குச் சோறும் இடமும் தரும் ஏற்பாடுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. எந்த ஏற்பாட்டில் உறுப்பினரானாலும் அந்த அட்டை வேலை அனுமதி ஆகாது. "எந்தப் பாஸில் வரவேண்டும்?" என்று தோட்டக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். "சுற்றுலா என்று சொல்லிவிட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்பவரை நம்பாதீர்கள், மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான். பணம் கட்டித் தங்கும் தோட்ட விடுதிகள் பாலிக் பூலாவில் இருக்கின்றன. முதல் முறை விருந்தாளியாகத் தங்கி, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கேட்டுக் கற்றுக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன்.

டுரியான் தோட்டம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மரத்தில் ஏறிப் பறிப்பதில்லை. பழுத்தால் தானாக விழும், பெரும்பாலும் ராத்திரியில். சரிவு முழுக்க மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். விடிந்ததும் கூடையோடு வலை வலையாகப் போய்ப் பொறுக்க வேண்டும். பழத்தைக் காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், முள் கனத்த கையுறையையும் குத்தும். நான் போகும் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் தனித்தனியாக வைப்பார்கள். தோட்டக்கார அங்கிள் காம்பின் வெட்டு வாயை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, எத்தனை மணிக்கு விழுந்த பழம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அணில் கடித்ததை ஒதுக்கி வைப்பார், அது வீட்டுக்கு. நல்ல இனிப்பு அதில்தான் இருக்கும் என்பார், நானும் அதை நம்புகிறேன். சீசனில் தலைக்கவசம் இல்லாமல் மரத்தடிக்குப் போகவே கூடாது. இரண்டு கிலோ முள் உருண்டை உச்சிக் கிளையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூவை வௌவால்கள் வந்து ராத்திரியில் மகரந்தம் சேர்ப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பழ சீசனுக்கு மூன்று நான்கு மாதம் முந்தி வரவேண்டும்.

ஜாதிக்காய் வேலை இதைவிட லகுவானது, புதியவர்களுக்கு நான் சொல்வது அதுதான். வெடித்த காயைப் பிளந்தால் கருங்கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி பின்னியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரித்துத் தனியாகக் காயவைக்க வேண்டும். கூரைக்கடியில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே செய்யலாம்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். அட்டைப்பூச்சிக்கு மட்டுமல்ல, எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். காலில் சின்னக் கீறல் இருந்தால்கூட மூடிவிட்டு இறங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தோட்டத்தில் இருந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெங்கியும் இங்கே உண்டு. காய்ச்சலென்றால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். மருந்து அடிக்கிற வேலையை யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020-இல் தடை செய்துவிட்டது, ஆனாலும் மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாத வேலை அது.

பழத்துக்காக வருவதென்றால் ஜூன், ஜூலை சரியான மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், சரிவு வழுக்கும், அப்போது வேண்டாம். ஜார்ஜ்டவுனிலிருந்து பாலிக் பூலாவ் வரை பஸ் போகும். தமிழ் பேச அங்கே ஆள் கிடைப்பது சிரமம்தான், கொஞ்சம் மலாய் பழகிக்கொண்டு வாருங்கள். எந்தத் தோட்டம் என்று முடிவானதும் கருத்தில் எழுதுங்கள், அந்தப் பக்கத்துச் சரிவு எப்படி, தண்ணீர் எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன்.