கல்கத்தா துறைமுக அஞ்சல் தலையை உறையிலிருந்து கழற்றலாமா?

தாத்தாவின் பழைய கடித உறையில் ஒட்டியுள்ள கல்கத்தா துறைமுகத்தின் 20 காசு அஞ்சல் தலையைக் கழற்றி விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய தொகை கிடைக்காது. அந்நாளில் லட்சக்கணக்கில் அச்சான தலை அது. ஆனால் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

என் தந்தை அப்போது கல்கத்தாவின் கிடர்பூர் கப்பல்துறையில் எழுத்தராக இருந்தார். 1870 அக்டோபர் 17 அன்று தொடங்கிய துறைமுகத்தை நிர்வகித்த பொறுப்புக் கழகத்தின் (போர்ட் டிரஸ்ட்) நூற்றாண்டுக்காக வெளிவந்த அந்தத் தலையை ஒட்டி, கும்பகோணத்திலிருந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் துறைமுகத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தாராம்: கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் கப்பல்கள் ஓதம் ஏறும் நேரம் பார்த்து, ஆற்றுவழி தெரிந்த வழிகாட்டி மாலுமியான பைலட்டின் துணையோடு, கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றில் வரவேண்டியிருப்பதையும், கங்கையின் நீர்வரத்து குறைந்து வண்டல் சேர்ந்ததால் பெரிய கப்பல்கள் வரமுடியாமல் போவதையும், கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பிவிடக் கட்டிவந்த ஃபரக்கா அணை முடிந்தால் நிலைமை மாறும் என்று எல்லோரும் நம்பியிருப்பதையும். அணை 1975இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் வண்டல் தீரவில்லை, 1977இல் கடலுக்கு இன்னும் அருகே ஹால்தியாவில் புதிய கப்பல்துறையைத் திறக்க வேண்டியிருந்தது.

பத்து வயதில் அஞ்சல் தலை சேர்க்கும் ஆசையில் அந்த உறையின் மூலையைக் கத்தரித்து, வெந்நீரில் ஊறவைத்துத் தலையை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கடிதத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டேன். தலை இன்றும் என்னிடம் இருக்கிறது. முத்திரையில் வட்டத்தின் கால்பங்குதான் அதில் விழுந்திருக்கிறது. ஊரும் தேதியும் எரிந்த பகுதியோடு போய்விட்டன. அப்பா மறைந்த பிறகு, அந்தக் கடிதம் நான் பிறப்பதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

முத்திரை விழாத புதிய தலைக்கே மதிப்பு அதிகம் என்று சேகரிப்பாளர்கள் சிலர் சொல்லக்கூடும். சந்தை விலையைப் பொறுத்தவரை நான் அதை மறுக்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் பகுதி அஞ்சலகத்தில் தலை கேட்டால்கூட அச்சிட்ட சீட்டைத்தான் ஒட்டுகிறார்கள். படமும் இல்லை, வரலாறும் இல்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். உறையை மடிக்காமல், ஈரம் படாத இடத்தில் அப்படியே வையுங்கள்; உள்ளே கடிதம் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.