பொங்கலுக்குக் கூட்டிப்போகாத அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் தம்பியைப் பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். மெல்பேர்ணில் காளான் மருந்தால் இதைக் குணப்படுத்துகிறார்களாம். அங்குள்ள அண்ணா, ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பப் போகிறார். கொடுக்கலாமா? அம்மாவுக்குக் கோயிலில் கலை வரும், அதாவது சாமியாடுவார். அப்போது தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்துவார். சம்பந்தி வீட்டார் முன் வெட்கம் என்பதால் இம்முறை வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குக் கூட்டிப்போகவில்லை.
- ஒரு மகள், முள்ளியவளை

பதில்: கொடுக்கக் கூடாது. அண்ணா கேள்விப்பட்டது பொய்யல்ல. அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், மற்றச் சிகிச்சைகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குக் காளானிலுள்ள சிலோசைபினையும், பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கை மருந்தையும், அதற்கென அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அதே எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு 2024 ஓகஸ்டில் அமெரிக்கா அனுமதி மறுத்தது. பயணப் பையில் வரும் குளிசைக்குள் என்ன இருக்கிறதென்று அண்ணாவுக்கே தெரியாது. சிலோசைபின், எம்.டி.எம்.ஏ. இரண்டுமே இரத்த அழுத்தத்தைக் கூட்டுபவை. மனச்சோர்வுக் குளிசைகளோடு தாமாகக் கலந்து பார்க்கக் கூடியவையும் அல்ல.

ஆனால், உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெற்ற பிள்ளையை மண்போட்டு மூடிவிட்டு வந்த ஒரு தாய், அவன் பெயரை வாய்விட்டுக் கூப்பிடுவது ஆண்டுக்கொருமுறை, கண்ணகை அம்மன் வாசலில், பறையொலிக்கு நடுவில் மட்டும்தான். அதையும் சம்பந்தி வீட்டாருக்காக நிறுத்திவிட்டீர்கள். அவன் போனதும் வைகாசி, பொங்கலும் வைகாசி. அன்றிரவு வீட்டில் அவர் யாரோடு இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

கலை வருவதை வைத்தியம் என்று நான் சொல்லவில்லை; ஆடி முடித்தவர் மறுநாளும் நித்திரையின்றி இருக்கலாம். ஆனால் அண்ணா ஆசைப்படும் அந்த வகைச் சிகிச்சை எப்படி நடக்கிறதென்று கேளுங்கள். எம்.டி.எம்.ஏ. ஆய்வுகளில் மருந்து கொடுத்தது மூன்றே நாட்கள். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 8 மணித்தியாலம், பயிற்சி பெற்ற இருவர் பக்கத்திலேயே இருந்தார்கள். முன்னும் பின்னும் மருந்தே இல்லாமல் பேசுவதற்கென்று பல அமர்வுகள் இருந்தன. பயத்தைத் தணித்து வாயைத் திறக்க வைப்பது வரைதான் மருந்தின் வேலை. திறந்த வாயிலிருந்து வருவதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அம்மா வாயைத் திறந்தால் வெட்கம் வருகிறது. அந்த வீட்டுக்குள் குளிசை வந்து யாருக்கு என்ன பயன்?

தாயின் துக்கத்தைப் பார்த்து மரியாதை குறைக்கும் சம்பந்தி, சம்பந்தியே அல்ல. இது என் பிடிவாதம், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவர்கள் வன்னியில் இருந்தவர்களென்றால், அவர்கள் வீட்டிலும் ஒரு பெயர் சொல்லப்படாமல் கிடக்கும்.

அடுத்த கிளினிக் திகதிக்கு அம்மாவைத் தனியே பஸ் ஏற்றாமல் நீங்களும் கூடப் போங்கள். நித்திரையின்மையையும், கலை வருவதையும், பதுங்குகுழியையும் மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, குளிசையோடு பேச்சுச் சிகிச்சையும் தரமுடியுமா என்று கேளுங்கள். அண்ணாவிடம் குளிசை வேண்டாம், விமானச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூத்த பிள்ளை அடுத்த வைகாசியில் அம்மாவோடு வற்றாப்பளையில் நிற்கட்டும். அம்மா தம்பியின் பெயரைக் கூப்பிடும்போது கையைப் பிடித்து இழுத்துவராமல், ஓய்ந்து உட்காரும்வரை நீங்கள் இருவரும் பக்கத்திலேயே இருங்கள்.