அவருக்கு 1 கட்டை, எனக்கு 5

அன்புள்ள ஐயா,

எனக்குப் பாளையங்கோட்டை. கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் வாய்ப்பாட்டு கற்றவள். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். இப்போது ராத்திரி சாப்பிட்டதும் நானும் வீட்டுக்காரரும் ஸ்ருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். பாடும் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்களே, அதில் எனக்கு 5 கட்டை, அவருக்கு 1. சேர்ந்து பாடினால் யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. ‘நீயே பாடு, நான் சும்மா கேக்கேன்’ என்று அவர் ஒதுங்கிவிடுகிறார். மேடை ஏறப்போவதில்லை. இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மெனக்கெடுங்கள். கட்டாயம்.

எங்கள் வீட்டிலும் இதே கணக்குதான். முதலில் நடுவாக 3 கட்டை வைத்துப் பார்த்தோம். மேல் ஸ்தாயி எனக்கு எட்டவில்லை, கீழே இறங்கினால் என் மனைவிக்குச் சத்தமே வரவில்லை. அப்புறம் ஒரு பாட்டு வாத்தியார் வழி சொன்னார். பெட்டியை 1 கட்டையிலேயே வைத்து, பஞ்சமத்துக்கு (‘ப’) பதில் மத்யமத்தை (‘ம’) ஒலிக்க விட்டு, அதையே ஷட்ஜமாக (‘ஸ’) எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது 4 கட்டை. உங்களுக்குக் கொஞ்சம் இறக்கம், அவருக்கு ஏற்றம். ஆனால் செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற ராகங்கள் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. அதனால் அவர் குரலுக்கும் எட்டும். மத்யம ஸ்ருதியில் இவற்றைப் பாடுவது பழைய வழக்கம்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்து நம் பக்கத்துச் சொத்து. அதில் தொடங்குங்கள்.

மற்ற பாட்டுகளுக்கு அவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். முன்னால் உட்கார்ந்து பாடுபவர் ஒருவர். பக்கத்தில் குடம் தட்டுபவர், உடுக்கை அடிப்பவர், ‘ஆமா’ போடுபவர். அந்த ‘ஆமா’ சரியான இடத்தில் விழாவிட்டால் கதையே நகராது. அவரும் அப்படித் தட்டி ‘ஆமா’ போடட்டும். உங்கள் வரி முடிகிற இடம் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் தட்டு விழுகிற இடத்துக்கு நீங்கள் காத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நானும் அவளும் ஒருவர் மூச்சை ஒருவர் இப்படிக் கவனித்ததில்லை.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் கரண்ட் போனது. பெட்டி நின்றுவிட்டது. நான் பாதி வரியில் இருந்தேன். அவள் வாயை மூடியபடியே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டாள். இருட்டில் அந்தச் சத்தத்தைப் பற்றிக்கொண்டே பாட்டை முடித்தேன். முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நானும் அதே ஸ்வரத்தில் சேர்ந்துகொண்டேன். கரண்ட் வந்தபோது இருவருக்குமே எழுந்து போகத் தோன்றவில்லை.

இன்று ராத்திரி பெட்டியை மத்யமத்துக்கு மாற்றிப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.