உடைந்த மடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் மாமா வந்திருந்தார். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கைபேசியில் வந்த ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்தார். மனிதரைப் போலவே மீனிலும் புற்றுநோய் மரபணுக்கள் இருக்கின்றனவாம், ஆகவே மீனைத் தொடக்கூடாதாம். அன்றிலிருந்து மீன்காரம்மா கூவினால் அம்மா கதவைச் சாத்திவிடுகிறார். புளிமுளம் என்கிற மீன்குழம்பு இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதில் உண்மை உண்டா?

எம்., குளச்சல்

அன்புள்ள எம்.,

செய்தியின் முதல் பாதி உண்மை. அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் அம்மாவே சிரித்துத் தள்ளியிருப்பார்.

எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு மடை உண்டு. எப்போதோ ஓர் ஐப்பசி மழையில் உடைந்து வயலெல்லாம் மூழ்கியது. உடனே கட்டிவிட்டார்கள். என் தாத்தா காலம் தொட்டு ஒழுங்காகத்தான் தண்ணீர் விடுகிறது. ஆனால் இன்றும் அதன் பெயர் உடைந்த மடை. புற்றுநோய் மரபணு என்பதும் இப்படி வந்த பெயர்தான். செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பழுதானது எப்போது தன்னை அழித்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்பவை அவை. கட்டிகளைத் துழாவியபோது பல அகப்பட்டதால் நோயின் பெயர் ஒட்டிக்கொண்டது.

மீனுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. நம் பக்கத்தில் செதில் போய், துடுப்பு கையாயிற்று. ஆனால் இந்த மரபணுக்களின் அடிப்படை வேலை பெரிதாக மாறவில்லை. அவை தாறுமாறான உயிர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 2013இல், ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு மீனான வரிக்குதிரை மீனின் மரபணுத் தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதில் இணை இருந்தது. 2005இலேயே அந்த மீனில் பி53 என்ற காவல் மரபணுவைப் பழுதாக்கிப் பார்த்திருந்தார்கள். நரம்பு உறைகளில் கட்டிகள் வளர்ந்தன. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் பழுதாகிக் கிடப்பதும் அதே பி53தான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. நாகர்கோவிலில் வண்ணமீன் விற்கும் கடையில் பிளாட்டி என்று கேட்டுப் பாருங்கள். விரல்நீள மீன்; சிலவற்றின் மேல் மிளகுத்தூள் சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளி. அதை அதன் உறவான வாள்வால் மீனோடு இணைத்து, பிறந்த குஞ்சை மறுபடி வாள்வாலோடு இணைத்தால், அடுத்த தலைமுறையில் சில மீன்களுக்குப் புள்ளி பரவிக் கரும்புற்று என்னும் தோல் புற்றாகிவிடும். 1920களிலேயே இதைக் கண்டார்கள். பிளாட்டியிடம் பெருக்கத்தைத் தூண்டும் மரபணு ஒன்றும், அதை அடக்கிவைக்கும் இன்னொன்றும் உண்டு. கலப்பில் அடக்குவது நழுவித் தூண்டுவது மட்டும் தங்கிவிடுகிறது. 1989இல் அந்தத் தூண்டும் மரபணு கையில் சிக்கியது. அதன் நெருங்கிய உறவு ஒன்றுதான் மனிதரின் சில நுரையீரல் புற்றுகளில் பழுதாகிறது. அதை அடக்க இன்று மாத்திரை இருக்கிறது.

இனி சாப்பாடு. கீரையானாலும் கோழியானாலும் மரபணுவையும் சேர்த்துத்தான் தின்கிறோம். குடல் அதை நறுக்கிச் செரித்துவிடும். இத்தனை தலைமுறை சாளை தின்றும் குளச்சலில் யாருக்கும் செதில் முளைக்கவில்லை. கூடவே ஒன்று: தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்துவரும் சுறாவுக்குப் புற்றே வராது என்று சொல்லிக் குருத்தெலும்பு மாத்திரை விற்பவர்களையும் நம்பவேண்டாம். சுறாவிலும் கட்டிகள் பதிவாகியிருக்கின்றன.

மருத்துவர் எதையும் விலக்கச் சொல்லாதபட்சத்தில், அப்பாவுக்குப் புளிமுளம் வைக்கச் சொல்லுங்கள். மாமாவின் செல்லத்தில் புகையிலை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பி53 உள்ளிட்ட மரபணுக்களைப் பழுதாக்கக்கூடியது அது. அடுத்த முறை அவர் வரும்போது எட்டிப் பாருங்கள்.