லீவில் மாடு ஓட்டப் போகிறவர்களுக்கு: சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில்

ஜூன் லீவில் சிவகங்கை போகிறோம். அக்கா வீட்டில் புலிக்குளம் இன மாட்டுக்கிடை (ராத்திரி வயலில் அடைத்துவைக்கும் கூட்டம்) இருக்கிறது. கிடை மாற்றும்போது 9, 12 வயதுப் பிள்ளைகளும் கூடப் போகலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

தாராளமாக. ஆனால் அங்கே அத்தான் சொல்வதுதான் சட்டம். ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன இனம் அது, வெளியாளைக் கண்டால் முறைக்கும். வெயில் ஏறுமுன் ஓட்டிவிடுவார்கள், அதனால் விடியற்காலையில் எழுந்தாக வேண்டும்.

மாட்டின் தோள்பட்டைதான் கணக்கு. அதற்குப் பின்பக்கமிருந்து பக்கவாட்டில் நெருங்கினால் முன்னே நடக்கும். தலைப்பக்கம் போனால் நிற்கும், இல்லை திரும்பும். நேர் பின்னால் மட்டும் போகாதீர்கள். அங்கே அதற்குக் கண் தெரியாது, உதை விழும். பெரியவன் ஓர் ஆளோடு ஓரமாக நடக்கட்டும். சின்னவனைக் கன்றுகளை ஏற்றிவரும் வண்டியில் உட்காரவையுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே யாரும் நுழையக் கூடாது.

அப்புறம், குடை! நம் பிள்ளைகள் வெயில் என்றாலே பட்டென்று விரிப்பார்கள். மொத்தக் கூட்டமும் மிரண்டுவிடும். தொப்பி போதும்.

புலிக்குளம் மாட்டுக்குப் பாலும் அதிகம் இல்லையாமே, பிறகு எதற்கு இத்தனை மாடு? (யீஷூன்)

எருவுக்குத்தான். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி மாட்டை அடைத்தால் சாணமும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகும். வயல்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். ஒரு வயல் முடிந்தால் அடுத்தது. காளைக்கன்றுக்கு ஜல்லிக்கட்டுக்காரர்களிடம் நல்ல விலையும் உண்டு.

சுவிட்சர்லாந்தில் பூச்சூடிய மாடுகள் மலையிலிருந்து இறங்குவதைச் செப்டம்பர் லீவில் பார்க்கலாமா? (பொங்கோல்)

பெரும்பாலும் முடியாது. நம் ஒரு வார லீவு மாத ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். மாடுகள் பெரும்பாலும் மாத நடுவிலோ கடைசியிலோதான் இறங்கும். ஜூனில் போனால் மேலே ஏறுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும்: மலைப்புல்லைக் கண்டதும் மாடு துள்ளுகிற துள்ளல்!

சிங்கப்பூரில் மாடு ஓட்டிய தமிழர் இருந்தார்களா? (தெலுக் பிளாங்கா)

இருந்தார்கள். ரோச்சோர் ஆற்றோரம் புல்லும் தண்ணீரும் இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் தழைத்தது. பஃபலோ ரோடு அந்தக் காலத்துப் பெயர்தான். இப்போது பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் கட்டிவைக்கும் மாட்டைப் பார்ப்பதோடு சரி.

திரும்பி வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (உட்லண்ட்ஸ்)

ஷூவை. கோமாரி நோய்க்கிருமி சாணி ஒட்டிய காலணியிலும் பயணம் செய்யும். அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பிறகு பெட்டியில் வையுங்கள்.