விமானம் ஏறாமலே கள அனுபவம்: கேள்வி பதில்

இளநிலைப் படிப்பில் இருக்கும்போதே சர்வதேச வளர்ச்சித் துறையில் (ஏழை நாடுகளில் வறுமை ஒழிப்பு, கல்வி, சுகாதாரம் போன்ற திட்டங்களை நடத்தும் துறை) அனுபவம் பெறுவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிடும் வேலையில் பதினான்கு வருடம் ஓட்டியவன் நான். எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

கே: பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. ஐ.நா. இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா சார்?

ஐ.நா. தலைமைச் செயலகத்துக்கு இப்போது முடியாது. இளநிலையின் இறுதியாண்டில் இருக்க வேண்டும், அல்லது முதுநிலை படிக்க வேண்டும், அல்லது பட்டம் வாங்கி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். சம்பளமும் கிடையாது. 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா. இன்டர்ன் ஒருவர் வாடகை கட்ட வழியில்லை என்று சொல்லிக் கூடாரத்தில் தங்கியது பெரிய செய்தியானது. யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்), ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) போன்றவை உதவித்தொகை தருகின்றன; யார் விண்ணப்பிக்கலாம் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும், அதை முதலில் பாருங்கள். அதுவரை, 18 வயது முடிந்திருந்தால் ஐ.நா. தொண்டர்கள் அமைப்பின் இணையவழித் தொண்டுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பு, தரவு, வடிவமைப்பு என்று வீட்டிலிருந்தே செய்யும் வேலைகள்தான்.

கே: பணம் கட்டினால் இரண்டு வாரம் வெளிநாட்டு அனாதை இல்லத்தில் தொண்டு செய்யலாம் என்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். தொண்டர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்ப்பதும் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. எந்தத் தொண்டுப் பயணத்துக்கும் என் உரைகல் ஒன்றுதான்: உங்கள் பயணச் செலவில் அந்த ஊர்க்காரர் ஒருவரை வேலைக்கு வைத்தால் அவர் இதைவிட நன்றாகச் செய்வாரா? ஆமாம் என்றால் நீங்கள் போவது சுற்றுலா.

கே: எந்த ஒரு திறமையை முதலில் கற்றுக்கொள்வது?

ஒரு கணக்கெடுப்பை ஆரம்பம் முதல் முடிவு வரை நடத்திப் பாருங்கள். கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருள் குறிப்பிட்ட அளவு வரை இலவசம். கைப்பேசியிலேயே படிவம் ஓடும். மென்பொருள் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கேள்வி கேட்பதுதான் கஷ்டம். "வீட்டில் எத்தனை பேர்?" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வெளியூர் போன மகன் கணக்கில் வருவானா? ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? இதை முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், பத்துக் கணக்கெடுப்பாளர்களும் பத்து விதமாக எண்ணிக்கொண்டு வருவார்கள்.

நான் பட்ட அடி ஒன்று. முதன்முதலாக நான் தயாரித்த படிவத்தில் வருமானக் கேள்விக்கு "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" என்ற விடைகளை வைக்க மறந்துவிட்டேன். எண் போடாமல் அடுத்த பக்கம் போக முடியாது. களத்தில் இருந்தவர்கள் பாவம், 0 போட்டுவிட்டு நகர்ந்தார்கள். தரவு வந்தபோது ஊரில் பாதிப் பேருக்கு வருமானமே இல்லை! மறுபடி வீடு வீடாகப் போனோம். யாரையெல்லாம் கேட்பது என்று தேர்ந்தெடுக்க வகுப்பில் படித்த கூறெடுப்பு (சாம்பிளிங்) முறைகள் எல்லாவற்றையும்விட அந்த இரண்டு வாரம்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. உங்கள் படிவத்தை முதலில் ஐந்து பேரிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கே: நான் இலக்கிய மாணவி. எண்கள் என்றாலே அலர்ஜி.

நேர்காணலை எழுத்தாக்கி, அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. உங்களுக்கு அது பொருந்தும். 2014-ல் தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்திலும் சேரலாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத வீடுகளையும் பாதைகளையும் வரைந்து சேர்க்கிற வேலை. அனுபவசாலிகள் சரிபார்த்துத் தவறைச் சுட்டிக்காட்டுவார்கள். இலவசப் பயிற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சொந்த ஊர் அமைப்பில் வேலை செய்தால் அது "சர்வதேச" அனுபவம் ஆகுமா?

தாராளமாக. வெளியாட்களைவிட உள்ளூர் அமைப்புகள்தான் களத்தில் முதலில் நிற்கின்றன. 2016 உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் கொடையாளர்களும் பெரிய உதவி அமைப்புகளுமே, 2020-க்குள் நிதியில் 25 சதவீதமாவது உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போகவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எட்டவில்லை, அது வேறு கதை. சின்ன அமைப்பில் வரவுசெலவும் அறிக்கையும் கூட்டமும் உங்கள் தலையில்தான் விழும். பெரிய அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பு வராது.

கே: அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டுவிட்டது. இனி இந்தத் துறைக்கு வரலாமா?

2025 ஜூலையோடு அது முடிந்தது. அனுபவசாலிகளே வேலை தேடுகிறார்கள். ஆரம்ப நிலை வேலைகளுக்குப் போட்டி கடுமை. வேறு துறையிலும் சோறு போடுகிற கணக்கு, கொள்முதல், தரவு என ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கே: அமைப்புகளுக்கு மின்னஞ்சல் போட்டால் பதிலே வருவதில்லை.

"உங்களுடன் பணியாற்ற ஆர்வமாக உள்ளேன்" என்று எழுதியிருப்பீர்கள். அவர்களுடைய கடைசி அறிக்கையை முழுதாகப் படியுங்கள். எந்தப் பக்கத்து அட்டவணை உங்களுக்குப் புரியவில்லை, நீங்கள் என்ன செய்து தர முடியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை என்று ஐந்து வரியில் எழுதுங்கள். தேர்வு மாதத்தில் வரமுடியாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.